சமையல் கேள்வி பதில்: தேங்காய் சிரப் ஏன் திரிகிறது?

கேள்வி: கெட்டியான முதல் தேங்காய்ப்பாலில் சரிக்குச் சரி சர்க்கரை போட்டு, பாகாக வரட்டும் என்று அரைமணி நேரம் கொதிக்க விட்டேன். மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் திப்பிதிப்பியாக நிற்கிறது. கடையில் வாங்கும் சிரப் மட்டும் எப்படி வழவழவென்று இருக்கிறது?

பதில்: உங்கள் அளவு சரிதான். கொதிக்க விட்டதுதான் வினை. தேங்காய்ப்பாலில் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீரில் கலந்து நிற்கிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காப்பது பாலில் உள்ள புரதம். சூடு 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அந்தப் புரதம் திரளத் தொடங்கிவிடும். அதன்பிறகும் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரியாமல் என்ன செய்யும்? கடைச் சரக்கில் அதைத் தடுக்கவே பசைப்பொருள் ஏதாவது சேர்த்திருப்பார்கள்.

ஆகவே, வற்றும் வேலையைப் பாலுக்குக் கொடுக்காதீர்கள், சர்க்கரைக்குக் கொடுங்கள். 250 கிராம் சர்க்கரையில் அது நனையும் அளவு தண்ணீர் விட்டு, ஒற்றைக் கம்பிப் பதம் வரும்வரை தனியாகக் காய்ச்சுங்கள். இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். அப்புறம் 250 மில்லி முதல் பாலை வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பால் சில்லென்று இருந்தால் பாகு கட்டி தட்டும். இரண்டு சிட்டிகை உப்பைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் வெறும் இனிப்புதான் தெரியும், தேங்காய் தெரியாது.

மறுபடி மிகச் சிறிய தீயில் வைத்து, கையெடுக்காமல் கிளறுங்கள். பாத்திரத்தின் ஓரத்தையே பாருங்கள். அங்கே ஆவி எழலாம், குமிழி வரக்கூடாது. ஓரத்தில் எண்ணெய் மினுமினுக்க ஆரம்பித்தால் உடனே இறக்கிவிடுங்கள். கரண்டியின் பின்பக்கம் படிந்த சிரப்பில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. அடுப்பில் நீர்க்க இருப்பது போலத்தான் தெரியும், ஆறினால் இறுகும்.

ஏற்கெனவே திரிந்ததைக் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா?

பதில்: தாராளமாக. வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு, அதுவும் பாலைத் திரிய வைக்கும். எனவே பாகு காய்ச்சி வடிகட்டி, நன்றாக ஆறவிட்ட பிறகே பாலைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழியும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த சிரப்பின் மேல் வெள்ளையாக ஒரு படலம் உறைந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி வாக்கில் உறையும் இயல்புடையது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்திவைத்துக் குலுக்கினால் பழையபடி கலந்துவிடும். புளித்த வாடை, நுரை, நூல் போன்ற கொழகொழப்பு, இவற்றில் எது தென்பட்டாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சர்க்கரை நிறைய இருக்கிறதே என்று நம்பி வெளியே வைக்காதீர்கள். பால் கலந்தபின் இந்தச் சிரப்பில் அந்தப் பாதுகாப்பு போதாது. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு ஒரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம்.