கிரிஸ்டா தாம்சன், டான்ஸ்ஹால், வீடியோ வெளிச்சம்: கேள்வி பதில்

கே: கிரிஸ்டா தாம்சனைப் படிக்க எங்கே ஆரம்பிக்கலாம்?

ப: 'ஆன் ஐ ஃபார் தி ட்ராபிக்ஸ்' என்ற 2006 புத்தகத்தில். அவர் பஹாமாஸ்காரர், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலையில் கலை வரலாற்றுப் பேராசிரியர். புத்தகம், 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து ஜமைக்காவையும் பஹாமாஸையும் சுற்றுலாவுக்கு விற்க எடுத்த படங்களைப் பற்றியது: பனை, வாழை, தலைச்சுமையோடு கறுப்பினப் பெண். அப்புறம் ஊரையே அந்தப் படத்துக்கு ஏற்ப மாற்றினார்கள் என்கிறார். அதனால், பழைய படம் கிடைத்தால் 'அன்றைய வாழ்க்கை' என்று பகிராதீர்கள். யார், யாருக்காக எடுத்தது என்று முதலில் பாருங்கள்.

கே: புகைப்படக்காரர் மாலிக் சிடிபேயும் இதில் வருவாரா?

ப: பெரிய கலைஞர். ஆனால் அவர் ஸ்டூடியோ மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் பமாக்கோவில். இங்கே பேசுவது அட்லாண்டிக் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி பற்றி.

கே: டான்ஸ்ஹாலில், அதாவது ஜமைக்காவின் இசை நடனக் கூட்டங்களில், வீடியோ வெளிச்சத்துக்காகத் தோலை வெளுக்கிறார்களாமே? வெள்ளைக்காரர் ஆகும் ஆசைதானே?

ப: அவ்வளவு சுலபமில்லை. அந்தக் கூட்டங்களில் வீடியோக்காரர் கண்கூசும் விளக்கோடு கூட்டத்துக்குள் வருவார், அது தன்மேல் விழ ஆட்கள் முண்டியடிப்பார்கள். படம் பிறகு கிடைக்கிறதோ இல்லையோ, எல்லோர் கண் முன்னாலும் படம்பிடிக்கப்படுவதுதான் பெரிது. அந்த வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியத்தான் சிலர் வெளுக்கிறார்கள் என்பது தாம்சனின் 2015 புத்தகம் 'ஷைன்' சொல்வது. ஃபிலிமும் கறுப்புத் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் தந்த 'ஷேர்லி' அட்டையில் பல வருடம் இருந்தது வெள்ளைப் பெண்.

கே: அப்படியானால் தோல் வெளுக்கும் பாதரச க்ரீமுக்கு வக்காலத்தா?

ப: இல்லை. உடம்புக்குக் கேடு, அதில் சண்டையே கிடையாது. ஆனால் 'தன்னையே வெறுக்கிறார்கள்' என்று பேச்சை முடித்துவிட்டால், கேமரா முன் நிற்க ஏன் வெளுக்கிறார்கள் என்ற கேள்வியே எழாது.

கே: கேமராவுக்கு முன்பே, வெளுத்த தோலுக்கு மேல் படி என்ற நிற ஏணி இருந்ததே? அடிமைகள் உழைத்த தோட்டத்தில் வயல் வேலை யாருக்கு, வீட்டு வேலை யாருக்கு என்று பார்த்தாலே தெரியுமே.

ப: சரியான அடி. அந்த ஏணி இன்னும் இருக்கிறது, தாம்சனும் மறுக்கவில்லை. அதே ஏணியில் வெளிச்சம் என்ன செய்கிறது என்று பார்க்கிறார். காரணம் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

கே: 'ஷைன்' பிடிஎஃப்?

ப: நூலகத்தில் கேளுங்கள்.

கே: நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெமின் புகைப்படக்காரர் வான் டெர் ஸீ எடுத்த படங்கள் இயல்பானவையா?

ப: ஸ்டூடியோ படங்கள், ஐயா. திரை, பூ, நெகட்டிவில் கைவேலை எல்லாம் உண்டு. யாருக்காக எடுத்தது என்று பாருங்கள் என்றேனே! காசு கொடுத்து, தாங்கள் விரும்பிய மாதிரி நின்றவர்கள் ஹார்லெம்காரர்கள்.