நெட் வேகம்: அளந்துவிட்டுக் காசு கொடுங்கள்

கே: 100 எம்பிபிஎஸ் பிளான். ஃபைல் இறங்கும்போது 11 எம்பிதான் காட்டுகிறது. மீதி எங்கே? – வாசகர், நாமக்கல்

ப: எங்கும் போகவில்லை. நெட்காரர் விற்பது பிட், கணினி காட்டுவது பைட். 8 பிட் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுப் பொட்டலம்) சுமந்துவரும் முகவரித் தகவல்களைக் கழித்தால் 11 சொச்சம். முழுசாகத்தான் வருகிறது.

கே: 300 பிளான். மாடி அறையில் போனில் 40தான். 500க்கு மாறலாமா என்றால் கஸ்டமர் கேர் 'தாராளமாக' என்கிறது. – வாசகி, திருச்சி

ப: வேறென்ன சொல்லும்? ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு நேராக இணைத்து, மற்ற கருவிகளின் நெட்டை நிறுத்திவிட்டு டெஸ்ட் போடுங்கள். 280ஐ ஒட்டி வந்தால் நெட்காரர் மேல் குற்றமில்லை. பிறகு அதே லேப்டாப்பில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை சர்வராக ஓடவிட்டு, மாடியிலிருந்து அளந்து பாருங்கள். வெளி இணைப்பு கலக்காமல் வைஃபையின் வேகம் மட்டும் தெரியும். அங்கேயும் 40 என்றால், 500 என்ன, 1000 கட்டினாலும் 40தான். மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) வையுங்கள்.

கே: புது 'ஏசி1200' ரூட்டர். 200 பிளான். கேபிளில் போட்டாலும் 94ஐத் தாண்டவில்லை. – வாசகர், விருதுநகர்

ப: 94 என்றதுமே பாதி விடை தெரிந்துவிட்டது. வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் கழிவு போக 94, 95தான் வரும். விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீட்' பாருங்கள். 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும். மாற்றியும் அதே என்றால் ரூட்டரின் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ அவ்வளவுதான்.

இந்த '1200' வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, கூட்டினால் 1167. அதை 1200 ஆக்கி அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இரண்டுமே காகிதக் கணக்கு; சாதாரணமாக ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். பின்னால் உள்ள போர்ட்டோ '10/100', அதாவது 100 எம்பிபிஎஸ் வரைதான். பத்து வழிச் சாலை போட்டு, வாசலில் ஒற்றையடிப் பாதை வைத்தது போல. அப்படி நான் வாங்கிய ஒன்று டிவி ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் '10/100/1000' என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். நீங்கள் வாங்கியதில் போர்ட் 100தான், ஆனால் விற்பனைப் பக்கத்தில் 'ஜிகாபிட்' என்று போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.

கே: சிங்கப்பூர் சர்வருக்கு பிங் 38. 'கேமிங் ரூட்டர்' வாங்கினால் 10 ஆகுமா? – வாசகர், சென்னை

ப: ஆகாது. பிங் என்பது ஒரு பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. போய்வரவே 29 மில்லிவினாடி.

கே: ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் முழு வேகம். பையன் வீடியோ அப்லோடு செய்தால் மட்டும் மீட்டிங்கில் என் குரல் உடைகிறது. – வாசகி, கோவை

ப: வேகத்தை அளந்தீர்கள், தாமதத்தை அளக்கவில்லை. அப்லோடு நடக்கும்போது பிங் ஓடவிடுங்கள். 10 மில்லிவினாடி 300 ஆக எகிறினால் பாக்கெட்டுகள் ரூட்டரில் வரிசைகட்டித் தேங்குகின்றன, 'பஃபர்புளோட்' என்பார்கள். எஸ்கியூஎம் (இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதியுள்ள ரூட்டரில், அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பேச்சு உடையாது.

கே: இரவு 8 மணிக்கு மேல் நெட் படுத்துவிடுகிறது. நான்கு புகார். 'சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. ஆண்டுச் சந்தா முன்பே கட்டிவிட்டேன். – வாசகர், தென்காசி

ப: வயிறெரிகிறது. ஆதாரம் சேருங்கள். ஒரு வாரம், காலை 7, மாலை 5, இரவு 9 மணிக்கு, கேபிளில், ஒரே சர்வரை வைத்து அளந்து தேதியோடு குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ரூட்டருக்கு 100 பிங், வெளியே 100 பிங். ரூட்டருக்கு ஒன்றும் தொலையாமல் வெளியே மட்டும் தொலைந்தால் பழுது அநேகமாக அவர்கள் பக்கம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (இழைவழி வந்துசேரும் ஒளியின் அளவு) மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போயிருந்தால் இழை மடங்கியிருக்கலாம், முனை அழுக்காக இருக்கலாம். ஆனால் அந்தக் கோளாறு பொதுவாகப் பகலிலும் படுத்தும். இரவில் மட்டும் என்றால் நெரிசல். தாங்கும் அளவுக்கு மேல் இணைப்பு விற்றிருக்கிறார்கள்.

புகார் எண்களோடு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்புச் சேவைக்கு எதிராக அங்கே போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கே: வீட்டுக்குள் 15 மீட்டர் இழுக்க கேட்8 கேபிள் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். – வாசகர், ஈரோடு

ப: வேண்டாம். ஜிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரை கேட்5ஈ போதும். மேலுறையில் 'சிசிஏ' என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.