ஃபோர்டு போய்விட்டது, எக்கோஸ்போர்ட்டை வாங்கலாமா?

கேள்வி: 2019ஆம் ஆண்டு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே உரிமையாளர், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 6 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை சென்னைக்கு வேலையாகப் போய்வரவும், மூட்டுவலி உள்ள அம்மாவைப் புதுச்சேரி மருத்துவமனைக்கு அழைத்துப்போகவும் வண்டி வேண்டும். ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆனால் என் மைத்துனர், "கடையைக் கட்டிக்கொண்டு போன கம்பெனியின் வண்டியை யாராவது வாங்குவார்களா?" என்கிறார். ஃபோர்டு திரும்பி வருவதாகச் செய்தித்தாளில் படித்தேன். நம்பி வாங்கலாமா?
– திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: வாங்கலாம். அந்த விலைக்கு வேண்டாம். வண்டியை இரண்டாவது முறை பார்க்கப் போவதற்கு முன்னால், அதைப் பழுதுபார்க்கப்போகிற சர்வீஸ் சென்டரை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் மைத்துனரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் பயப்படுகிற இடம்தான் சற்றுத் தவறு.

எக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் புகழ்ந்து தள்ளுவார்கள். நெடுஞ்சாலையில் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகும், ஸ்டியரிங் கைக்குள் நிற்கும், கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கனமான சத்தம் கேட்கும் என்பார்கள். பிறகு குரல் சற்று இறங்கும். பின் இருக்கை நெருக்கடி, பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால் இடுக்கான இடத்தில் தொல்லை, எங்கேயாவது இடித்துவிட்டால் உடல் பாகம் வரக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்குவார்கள். இரண்டுமே உண்மை. எஞ்சினைப் பற்றிப் புலம்பும் டீசல்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் பாகத்தைப் பற்றியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாகம் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதை வைத்தே பெயர் வாங்கிய கம்பெனி ஃபோர்டு. 1903இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு, 1908இல் மாடல் டி காரை 850 டாலருக்கு விற்றார். 1913இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. அதற்கு முன் ஒரு சேசிஸைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பின்னர் அது 93 நிமிடமாகக் குறைந்தது. 1920களின் நடுவில் விலையும் 300 டாலருக்குக் கீழே இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி வெளியே வந்தன. ஒரு வண்டியின் பாகம் அப்படியே இன்னொரு வண்டிக்குப் பொருந்தியதால் கிராமத்து இரும்புக்கடையிலேயே ஸ்பேர் வாங்கி விவசாயி தானே மாட்டிக்கொள்ள முடிந்தது. சாமானியனுக்கான கார் என்று ஊரெல்லாம் பேர் எடுத்தது அப்படித்தான்.

அந்தக் கம்பெனிக்குச் சின்னக் கார்மேல் இருந்த பொறுமை பின்னாளில் போய்விட்டது. அமெரிக்காவில் அதற்குச் சோறு போடுவது பிக்கப் லாரிகள். 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் பிக்கப் அதன் எஃப் வரிசைதான். 2018இல் சொந்த நாட்டிலேயே செடான் கார்களைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் உற்பத்தியை 2016இல் நிறுத்தியது. பிரேசிலில் ஆலைகளை மூடுவதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி நம் முறை வந்தது. பத்தாண்டுகளில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கணக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். குஜராத்தின் சனந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் கடைசி எக்கோஸ்போர்ட் 2022இன் நடுவில் இறங்கியது. ஜி.எஸ்.டி. சாலையில் ஷிப்ட் பஸ்களுக்காகக் காத்து நின்ற கூட்டமும் அதோடு கலைந்தது.

ஃபோர்டு இங்கிருந்து போனது அதுதான் முதல் முறை என்றும் சொல்ல முடியாது. 1926இல் கனடா ஃபோர்டின் கிளையாக வந்து சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வண்டிகளைப் பூட்டி விற்றது. வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று 1950களில் அரசு சொன்னதும் விலகிக்கொண்டது. 1995இல் மஹிந்திராவின் கையைப் பிடித்துத் திரும்பி வந்தது. 1999இல் மறைமலை நகரிலிருந்து ஐகான் கார் வந்தபோது வரவேற்பு பலமாகத்தான் இருந்தது. பழைய கதையை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், 'திரும்பி வருகிறது' என்று நீங்கள் படித்த செய்தி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஆலை போனாலும் கடை போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ரேஞ்சர் பிக்கப்பை அங்கே இன்றும் விற்கிறார்கள், அதனால் ஷோரூமும் சர்வீஸும் உயிரோடு இருக்கின்றன. இங்கே புது வண்டி விற்பனையே கிடையாது. டீலருக்குச் சர்வீஸ் வருமானம் மட்டும்தான். ஓடுகிற ஃபோர்டு வண்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைய, அந்த வருமானமும் குறையும். ஒருநாள் அவர் வேறு கம்பெனியின் பலகையை மாட்டிவிடுவார். உங்கள் மைத்துனர் பயப்பட வேண்டியது இந்த நாளை நினைத்துத்தான். வெளியேறும்போதே, டெல்லி, சென்னை, மும்பை, சனந்த், கொல்கத்தாவில் பாகக் கிடங்குகளைத் தொடர்ந்து நடத்துவோம் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. கிடங்கு சென்னையில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. திருநெல்வேலிக்காரராக இருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

எனவே இணையதளத்தில் உள்ள பட்டியலை மட்டும் நம்பாமல், உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்கள். முன்பக்கத்து ஆளிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராகப் பாகங்கள் கவுன்டருக்குப் போய், விற்பவரிடம் வாங்கிவந்த சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். முன்பம்பர், இடது ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, ஏ.சி. கண்டென்சர், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் வார்) கிட் ஆகிய ஐந்துக்கும் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். அவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கே வரும் என்றால் நல்லது. "ஆர்டர் போட்டால்தான் தெரியும்" என்று இழுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பேரம் பேசும்போது கைகொடுக்கும். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்ற தேய்மானப் பொருள்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அவை வெளிச்சந்தையிலேயே கிடைக்கின்றன. அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட்டே மறைமலை நகரில் செய்யப்பட்டதுதான் என்பதால், இந்த வண்டிக்குப் பாகம் கேட்பவர்கள் நம் ஊரோடு முடிந்துவிடவில்லை. சிக்கல் வருவது விளக்கு, திரை, எலக்ட்ரானிக் பெட்டிகள், தகடு வேலை ஆகியவற்றில்தான்.

எஞ்சின் விஷயத்தில் நீங்கள் டீசலைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. இதே வண்டியில் 1 லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் என்று ஒன்று உண்டு. 2012 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து சர்வதேச அளவில் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. ஓட்டினால் அசந்துபோவீர்கள். ஆனால் அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே சுற்றும். தவறான கிரேடு ஆயிலை ஊற்றினாலோ, மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட் நொய்ந்து உதிரும். உதிர்ந்த துணுக்குகள் ஆயில் போகும் வழியை அடைக்கும். 2023 டிசம்பரில், ஆயில் பம்ப்பை இயக்கும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் வந்த வேறொரு கோளாறுக்காக, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகள் ஏறத்தாழ 1,40,000ஐ அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். ஆயில் பில்கள் முழுதாக இல்லாத எக்கோபூஸ்ட்டை இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

தொடக்கக் கால பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் வந்த பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸையும் தொடாதீர்கள். இரட்டைக் கிளட்ச் உள்ள அந்த அமைப்பு நெரிசலில் உதறுகிறது, வழுக்குகிறது என்று ஃபோகஸ், ஃபியஸ்டா வைத்திருந்தவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்து இழப்பீடு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவில், புகார் சொன்ன வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காக 2018இல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. 2017இன் இறுதியில் வந்த புதுப்பித்த எக்கோஸ்போர்ட்டில் அந்தக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் 1.5 லிட்டர் டீசலில் பெல்ட் வெளியே, உலர்ந்த நிலையில் ஓடுகிறது. ஆனாலும் அது ரப்பர்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினை இறக்க வேண்டியதாகிவிடும். கையேட்டில் கிலோமீட்டரும் ஆண்டும் குறித்திருப்பார்கள், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். 68,000 கி.மீ. தானே என்று விற்பவர் சொல்வார். வயது ஓடியதைச் சொல்ல மாட்டார். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அதுவும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. இந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கும்போது பலரும் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். எக்கோஸ்போர்ட்டில் நான் முதலில் போவது பின்பக்கம். ஸ்டெப்னி சக்கரம் பின்கதவில் வெளியே தொங்குகிறது அல்லவா? ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் முதலில் முட்டுவது அதுதான். அடி சக்கரத்தில் விழுந்து, அது கதவுத் தகட்டை உள்ளே தள்ளும், வெளியே ஒரு கீறலும் தெரியாது. கதவைப் பாதி திறந்து, கீழ்விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கை சொல்லிவிடும். மூடிவிட்டு, கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடுகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், கதவை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். அதன்பிறகு இரண்டு ஹெட்லைட்டின் முதுகிலும் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். விற்பவர் தானாகவே பேசுவார்.

இன்சூரன்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டுவிடுவார்கள். கம்பெனி போன வண்டிக்குச் சந்தை மதிப்பு இறங்கும், பாகத்தின் விலை இறங்காது. அதனால் நடுத்தரமான ஒரு மோதலே வண்டியின் ஆயுளை முடித்துவிடலாம். பிரீமியத்தில் ஓரிரண்டாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஏஜென்ட் ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தச் செய்தி. 2025 அக்டோபர் இறுதியில் தமிழக அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், உற்பத்தி 2029இல் தொடக்கம். வேலைவாய்ப்புக்கு நல்ல செய்தி. ஆனால் செய்யப்போவது ஏற்றுமதிக்கான எஞ்சின்கள். உங்கள் தெருவில் ஷோரூம் திறக்கப்போவதாக அதில் எங்கும் இல்லை. "கம்பெனி திரும்பி வருகிறது, விலை ஏறும்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

விலைக்கு வருவோம். அதே 2019, அதே அளவு ஓட்டம் உள்ள மாருதி பிரெஸ்ஸா டீசல் ஒன்றும் ஹூண்டாய் வென்யூ டீசல் ஒன்றும் உங்கள் பக்கத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். எக்கோஸ்போர்ட் அவற்றைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவாக இருக்க வேண்டும், பெல்ட் செலவு அதற்கு மேல். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறேழு ஆண்டு வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் இந்த வண்டி லாபம். மூன்று ஆண்டில் மாற்றுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள், அப்போது வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். ஆர்.சி.யில் முதல் பதிவு எந்த ஊர் என்றும் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்குத் தலைநகர் டெல்லியில் தடை போட்டிருந்ததால், அங்கிருந்து தெற்கே தள்ளிவிடப்பட்ட வண்டிகள் உண்டு.

அடுத்த முறை ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவை உடன் அழைத்துப் போய், முன் இருக்கையில் ஒருமுறை, பின் இருக்கையில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். உயரம் சற்று அதிகமான வண்டி என்பதால் குனிந்து நுழைய வேண்டியிருக்காது, முட்டிக்கு அது நல்லது. பின் இருக்கையில் முட்டி இடிக்கிறது என்று அவர் சொன்னால், புதுச்சேரிப் பயணத்தில் முன் இருக்கை அவருடையது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.