மேஜர் கோல்ஃப் போட்டியை நேரில் பார்க்க: முதலில் டிக்கெட், அப்புறம்தான் விமானம்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): மேஜர் எனப்படும் மிகப் பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஒன்றான, அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கு விமானம், ஹோட்டல், நான்கு நாள் டிக்கெட் எல்லாம் சேர்த்து 28,000 வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஏஜெண்டு சொல்கிறார். 5,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். டிக்கெட் நூறு விழுக்காடு உறுதி என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மாஸ்டர்ஸ் டிக்கெட்டை விற்கும் உரிமை போட்டி ஏற்பாட்டாளருக்கு மட்டுமே உண்டு. மூன்றாம் ஆளிடம் வாங்கிய டிக்கெட் என்று தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்பது அவர்களின் நிபந்தனை. 28,000 வெள்ளி கட்டி, இருபது மணி நேரத்துக்கு மேல் பறந்து போய், போட்டி நடக்கும் ஆகஸ்டா நகரில் வேலிக்கு வெளியே நிற்கும் நிலை வரக்கூடாது.

நான்கு நாள் டிக்கெட் என்ற சொல்லே எச்சரிக்கை மணி. நான்கு போட்டி நாள்களுக்கும் செல்லும் பேட்ஜ் பல காலமாக அதை வைத்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது. அதற்கான காத்திருப்புப் பட்டியலையே மூடிவிட்டார்கள். ஆகவே ஏஜெண்டின் கையில் அப்படி ஒன்று இருந்தால் அது வேறொருவர் பெயரில் உள்ள பேட்ஜாகத்தான் இருக்கும். உங்கள் கைக்கு வந்தாலும் அது உங்களுடையது ஆகாது.

நேர்வழி இதைவிட மலிவு. ஜூன் மாதத்தில் மாஸ்டர்ஸ் இணையத்தளத்தில் அடுத்த ஆண்டுக்கான குலுக்கல் விண்ணப்பம் திறக்கும். மலேசியாவில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. திங்கள் முதல் புதன் வரை பயிற்சி நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை போட்டி நாள். எந்தெந்த நாள் வேண்டும், எத்தனை டிக்கெட் வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான். வாய்ப்பைக் கூட்டலாம் என்று ஒரே ஆள் இரண்டு மூன்று மின்னஞ்சலில் போட்டால் எல்லாமே தள்ளுபடியாகும்.  டிக்கெட் விழுந்தால் மின்னஞ்சல் வரும். குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடந்து தவணை தாண்டிப்போவது நிறையப் பேருக்கு நடக்கிறது.

அண்மைய ஆண்டுகளில் அசல் விலை நாளொன்றுக்கு 100 முதல் 160 அமெரிக்க டாலர் வரைதான். அதே டிக்கெட் மறுவிற்பனைச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. ஏஜெண்டு சொல்லும் 28,000 வெள்ளியில் டிக்கெட்டுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். டிக்கெட் யார் பெயரில், எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சுற்றுலா நிறுவனம் என்று சொல்பவருக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மோட்டாக் எனும் அந்த அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனிநபரின் கணக்குக்கு அல்ல.

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): நாங்கள் நால்வர், புக்கிட் ஜம்புலில் வார இறுதியில் ஆடுகிறவர்கள். வாழ்க்கையில் ஒரு முறையாவது பிரிட்டனில் தி ஓபன் எனும் மேஜர் போட்டியைப் பார்க்க ஆசை. எப்போது தொடங்க வேண்டும்? எந்த நாளுக்கு டிக்கெட் வாங்குவது?

பதில்: ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். தி ஓபனை நடத்துவது ஆர் அண்ட் ஏ அமைப்பு. அதன் ஒன் கிளப் உறுப்பியம் இலவசம். அதில் பதிந்தால்தான் டிக்கெட் குலுக்கலில் கலந்துகொள்ள முடியும். வழக்கமாக முந்தைய ஆண்டின் ஜூலை வாக்கிலேயே அந்தக் குலுக்கல் நடக்கிறது. 2026-ல் போட்டி சவுத்போர்ட்டில் உள்ள ராயல் பர்க்டேல் திடலில், 2027-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில். கடைசி நேரம் பிரிட்டன் கணக்கில் சொல்லப்படும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு மணி.

குலுக்கலில் விழாவிட்டால் கதை முடிந்துவிடவில்லை. போக முடியாமல் போனவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட் ஆர் அண்ட் ஏயின் அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்தில் அசல் விலைக்கு வரும். ஒரே நேரத்தில் நான்கு டிக்கெட் அங்கே கிடைப்பது கடினம், ஒன்றிரண்டாகத்தான் வரும். இரண்டு பேர் ஒரு நாளும் மற்ற இருவர் இன்னொரு நாளும் பார்க்கச் சம்மதம் என்றால் வாய்ப்பு கூடும்.

இனி நாள். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையைப் பார்க்கத்தான் எல்லாரும் பறக்கிறார்கள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் வியாழன் அல்லது வெள்ளியை வாங்குங்கள். அந்த இரண்டு நாளும் 156 ஆட்டக்காரர்களும் களத்தில் இருப்பார்கள், மூவர் மூவராக, எல்லாரும் முதல் குழியிலிருந்தே தொடங்குவார்கள். முதல் குழு காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பும், கடைசிக் குழு மாலை மங்கும்போதுதான் திரும்பும். ஜூலையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஒரே டிக்கெட்டில் பதினான்கு மணி நேர ஆட்டம்! 36 குழிகள் முடிந்ததும் முதல் 70 இடங்களில் இருப்பவர்களும் அவர்களோடு சமநிலையில் உள்ளவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஞாயிறன்று கூட்டம் முழுவதும் கடைசி இரண்டு மூன்று குழுக்களைச் சுற்றியே நெருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் தோள்தான் தெரியும்.

நீங்களே ஆடுகிறவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பயிற்சி நாள் டிக்கெட்டைக் குறைவாக எடை போடாதீர்கள். விலை போட்டி நாளைவிட வெகுவாகக் குறைவு. ஆட்டக்காரர்கள் ஒரே கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) நாலைந்து இடங்களிலிருந்து பந்தை உருட்டிப் பார்ப்பார்கள், பங்கர் எனும் மணற்குழியில் திரும்பத் திரும்ப அடிப்பார்கள், மட்டைப் பை தூக்கும் கேடியோடு பேசிக்கொள்வது காதில் விழும். ஒரு பயிற்சி நாளும் ஒரு வியாழனும் சேர்த்து வாங்குவதே நால்வருக்கும் சரியான செலவு.

செயின்ட் ஆண்ட்ரூஸைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மனத்தில் வையுங்கள். பழைய திடலில் ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு குழிகளுக்குப் பொதுவானவை. பல ஃபேர்வேக்களும் (கிரீனுக்குச் செல்லும் புல்பாதைகள்) ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. அதனால் பார்வையாளர்கள் ஓரத்திலேயே நிறுத்தப்படுவார்கள், பந்து வெகு தொலைவில் விழும். அங்கே ஆட்டக்காரரைத் தொடர்ந்து நடப்பதைவிட, 17-ஆம் குழிப் பக்கம் உள்ள படிமேடையில் காலையிலேயே இடம் பிடித்து உட்காருவது மேல். பைனாகுலர் கட்டாயம்.

பர்க்டேலில் ஆட்டக்காரரைத் தொடர்ந்து நடந்து போகலாம். விருப்பமான ஒருவரைத் தொடர நினைத்தால் அவருக்கு ஒரு குழி முன்னால் இருங்கள். அவர் கிரீனில் இருக்கும்போதே நீங்கள் அடுத்த குழியில் டீ ஷாட் (குழியின் முதல் அடி) விழும் இடத்துக்குப் போய்விட வேண்டும். அவர் பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) முடிக்கும் வரை நின்று பார்த்தால் ஆயிரம் பேரோடு சேர்ந்து நகர வேண்டி வரும். அடுத்த இரண்டு குழியும் ஒன்றும் தெரியாது.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): விமான டிக்கெட் இப்போதே மலிவாகக் கிடைக்கிறது. முன்கூட்டியே வாங்கிவிடலாமா? விசா எப்படி?

பதில்: போட்டி டிக்கெட் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வந்த பிறகு வாங்குங்கள். பணம் திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட்டை முதலில் வாங்கியவர்கள்தான், கடைசியில் எந்த விலைக்கும் போட்டி டிக்கெட் வாங்கத் துணிந்து ஏமாறுகிறார்கள்.

பிரிட்டனுக்கு மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ எனும் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. கட்டும் முன் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செயலியிலேயே விண்ணப்பியுங்கள். தேடலில் முதலில் வரும் தனியார் தளங்கள் அதே வேலைக்குப் பல மடங்கு வாங்குகின்றன. அனுமதி கடப்பிதழ் எண்ணோடு ஒட்டியது, எனவே கடப்பிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனி இடிஏ வேண்டும்.

அமெரிக்கா அப்படியல்ல. மலேசியர்களுக்கு விசா விலக்கு இல்லை. டிஎஸ்-160 படிவம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணல். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. குலுக்கல் முடிவு தெரிந்த வாரமே நேர்காணலுக்குத் தேதி எடுங்கள்.

திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்கோ திங்கள் காலைக்கோ போடாதீர்கள். 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் சனிக்கிழமை அடித்த காற்றில் கிரீனில் வைத்த பந்தே நகர்ந்தது. ஆட்டம் பல மணி நேரம் நின்று, திங்கட்கிழமைதான் முடிந்தது. செவ்வாய்க்குப் போடுங்கள்.

பர்க்டேலுக்கு: லண்டன் யூஸ்டனிலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் வரை ரயில், இரண்டேகால் மணி நேரம் வாக்கில். அங்கிருந்து லிவர்பூல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து, சவுத்போர்ட் செல்லும் மெர்சிரெயிலில் ஏறி ஹில்சைடில் இறங்கினால் திடல் நடக்கும் தூரம். சவுத்போர்ட்டில் அறை விலை போட்டி வாரத்தில் ஏறிவிடும். லிவர்பூலில் தங்குவது நல்லது.

கேள்வி (ஷா ஆலம்): மாஸ்டர்ஸில் கைப்பேசி கொண்டுபோகக் கூடாதாமே, உண்மையா? தி ஓபனிலும் அப்படியா?

பதில்: மாஸ்டர்ஸில் எந்த நாளும் கைப்பேசி கிடையாது. காரிலோ அறையிலோ விட்டுவிட்டுப் போங்கள். கேமரா பயிற்சி நாள்களில் மட்டும். உள்ளே இலவசத் தொலைபேசிகள் உண்டு, ஆனால் யார் எண்ணும் நினைவில் இருக்காது என்பதால் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள், கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். திடலில் ஓடக் கூடாது, விரைவாக நடக்கலாம்.

தி ஓபனில் நேர் எதிர்: டிக்கெட்டே கைப்பேசிச் செயலியில்தான். மௌனத்தில் போட்டு வைக்க வேண்டும். மாலைக்குள் மின்கலம் காலியாகும், பவர் பேங்க் அவசியம். பிரிட்டனின் மின்செருகி நம் நாட்டில் உள்ளதேதான், அடாப்டர் வாங்கிச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): அப்பாவுக்கு 68 வயது, சைவம். அவரைத் தி ஓபனுக்கு அழைத்துப் போகலாமா? உடுப்பு என்ன?

பதில்: போகலாம். ஆனால் 18 குழிகளையும் சுற்றினால் ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது, மணல்மேடும் முரட்டுப் புல்லும் வேறு. அப்பாவை ஒரு பார் மூன்று குழியின் (மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குட்டையான குழி) படிமேடையில் உட்கார வைத்தால் டீ முதல் பட் வரை எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், எல்லாக் குழுவும் அவரைக் கடந்துதான் போகும். நடக்க இயலாதவர்களுக்கான வசதிகளை டிக்கெட் வாங்கும்போதே பதிய வேண்டும்.

ஜூலை கோடை என்று நம்பி டி-சட்டையோடு போகாதீர்கள். கடற்கரைக் காற்றில் 14, 15 பாகை என்பது பினாங்குக்காரருக்குக் குளிர்காலம். மெல்லிய கம்பளி ஒன்று, அதன்மேல் தலைமூடியுள்ள மழைச்சட்டை, ஒரு ஜோடி உபரிக் காலுறை. குடை காற்றில் நிற்காது, பின்னால் இருப்பவருக்கும் மறைக்கும்.

சைவ உணவு கடைகளில் இருக்கும், விலைதான் கூடுதல். ரொக்கம் எடுபடாது, அட்டை மட்டும். உங்கள் வங்கி அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கிருந்து கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். அட்டைக் கருவி வெள்ளியா பவுண்டா என்று கேட்டால் எப்போதும் பவுண்டு. வெள்ளியைத் தொட்டால் அவர்களின் மாற்று விகிதம் விழும்.

கேள்வி (கிள்ளான்): இத்தனை செலவு முடியாது. பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டம் ஒன்றை அருகில் காட்ட முடியுமா?

பதில்: முடியும். பெண்களுக்கான தொழில்முறை எல்பிஜிஏ சுற்றின் மேபேங்க் சாம்பியன்ஷிப் 2023 முதல் அக்டோபர் இறுதி வாக்கில் கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப்பில் நடக்கிறது. மேஜர் அல்ல, ஆனால் ஆட வருகிறவர்கள் மேஜர் வென்றவர்கள். 2023-ல் செலின் பூட்டியே, அத்தாயா தித்திகுலை சமநிலையை முறிக்கும் ஒன்பது குழி பிளே-ஆஃபில் வென்றது இங்கேதான். கூட்டம் குறைவு என்பதால் பிள்ளைகள் கயிற்றின் ஓரத்திலேயே நிற்கலாம். பிற்பகல் இடி மழை ஆட்டத்தை நிறுத்தும், காலையிலேயே போய்விடுங்கள்.

பிரிட்டனுக்கே போவதாக இருந்தாலும் 16 வயதுக்குட்பட்டோருக்குத் தி ஓபனில் பெரியவரோடு வந்தால் இலவசம். அவர்களுக்கான டிக்கெட்டையும் உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் 9,000 வெள்ளி கட்டினேன். கிளம்ப இரண்டு வாரம் இருக்கையில் டிக்கெட் இல்லை என்கிறார்கள், பணத்தையும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதிப் பணத்தை மீட்கும் சார்ஜ்பேக் கோருங்கள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், டிக்கெட் இல்லை என்ற பதில் மூன்றையும் இணையுங்கள். காலக்கெடு உண்டு, தாமதிக்க வேண்டாம். இது மோசடி, பணம் இப்போதுதான் கைமாறியது என்ற நிலை என்றால் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள்.

நிறுவனம் பதிவு பெற்றதாக இருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உங்களுக்கு ஏற்ற இடம். 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் முதலாம் படிவத்தைத் தர வேண்டும். அதில் நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் எண்ணையும் ரசீதில் உள்ளபடியே எழுதுங்கள். கடைப்பெயரை மட்டும் எழுதினால் தீர்ப்பை யார் மீது நிறைவேற்றுவது என்பதில் சிக்கல் வரும். பயணம் உங்கள் சொந்தத்துக்காக இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களை அழைத்துப்போகக் கம்பெனிக் கணக்கில் வாங்கிய பொதி என்றால் நடுவர் மன்றம் ஏற்காது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.