காலேஜ் ஊர்ல வீடு தேடுறவங்களுக்கு: அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு. யுனிவர்சிட்டியை நம்பியே இருக்குற ஒரு சின்ன ஊர்ல முதல் வேலை கிடைச்சிருக்கு. கேம்பஸ் பக்கத்துலயே வீடு எடு, உன் வயசு ஆளுங்க எல்லாம் அங்கதான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஊருக்கு வெளில பெரிய வீடே கிடைக்குது, ஆனா எல்லாம் குடும்பஸ்தங்க, நான் தனியா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. எங்க எடுக்கட்டும்?
(பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: தங்கச்சி, கேட்டை ஒட்டின தெருவும் வேண்டாம், ஊர்க்கோடி பெரிய வீடும் வேண்டாம். கேம்பஸ்ல இருந்து 20 நிமிஷ நடைல, அதாவது ஒன்றரை கிலோமீட்டர் சுற்றுல, ரிசர்ச் பண்றவங்க, ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்கன்னு கலந்து கட்டி இருக்குற ஏரியா ஒண்ணு அனேகமா இருக்கும், அங்க தேடு.

ஏன் சொல்றேன்னா, கேம்பஸ் தெருவுக்கு வயசே ஆகாது. நீ குடிபோற வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20 வயசு இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு உனக்கு 25 ஆகும், அப்பவும் அந்த வீட்ல 20 வயசுல வேற ஒரு பையன்தான் இருப்பான். நல்ல பசங்களாவே இருக்கலாம், ஆனா நீ பழகறதுக்குள்ள பெட்டி கட்டிடுவாங்க, நீ காலைல வேலைக்கு ஓடணும், அவங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்குதான் பேச்சே சூடு பிடிக்கும். ஸ்டூடண்ட்ஸ் கூட்டம் ஏற ஏற ஓனருங்க வீட்டை ரூம் ரூமா பிரிச்சு விடுவாங்க, ரொம்ப நாளா இருந்த குடும்பங்க ஒண்ணொண்ணா காலி பண்ணும். பிரிட்டன்ல டேரன் ஸ்மித்னு ஒரு புவியியல் ஆய்வாளர் 2000களோட தொடக்கத்துல இருந்தே இதை ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றார்.

தனிமை பத்தின உன் பயம் நியாயமானது, அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். லியான் ஃபெஸ்டிங்கர்னு ஒரு உளவியல் அறிஞரும் அவர் கூட்டாளிங்களும் அமெரிக்காவுல எம்ஐடிங்கற யுனிவர்சிட்டியோட மாணவர் குடியிருப்புல ஒரு ஆய்வு பண்ணி 1950ல வெளியிட்டாங்க. அடுத்தடுத்த கதவுல இருந்தவங்கள்ல 41 சதவீதம் பேர் நெருங்கின ஃப்ரெண்ட்ஸ், அதே மாடில ரெண்டு கோடில இருந்தவங்கள்ல வெறும் 10 சதவீதம்தான். ஒரே மாடிக்குள்ளயே இவ்ளோ வித்தியாசம்! அதனால வீடு எவ்ளோ பெருசுன்னு பாக்கறதை விட, படிக்கட்டு, வாசல், துணி காயப்போடற இடம்னு தினம் நாலு முகம் எதிர்ப்படற கட்டடமா அதுன்னு பாரு. தனி வீட்டுக்குள்ள நாலு ரூம் வச்சுக்கிட்டு யாரையும் பாக்காம இருக்கறது இந்த வயசுல வேண்டாம்.

போய்ப் பாக்கும்போது வாசல்ல இருக்குற தபால் பெட்டிக்கிட்ட ஒரு நிமிஷம் நில்லு. ஒரே பெட்டில ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா அஞ்சாறு பேர் ஒட்டி, அடில பாதி கிழிஞ்ச பழைய பேர் தெரிஞ்சா அது வருஷா வருஷம் ஆள் மாறுற வீடு. எழுதின பேர் வெயில்ல மங்கிப்போயிருந்தா அங்க ஆளுங்க தங்குறாங்கன்னு அர்த்தம்.

அப்புறம், பகல் 11 மணிக்கு புரோக்கரோட போய்ப் பாத்தா எந்தத் தெருவும் நல்ல தெருதான். செமஸ்டர் நடக்குற சமயமா பாத்து, வாரக் கடைசில ராத்திரி 11 மணிக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போய் அந்த ஜன்னலுக்குக் கீழ பத்து நிமிஷம் நில்லு, லீவுல போனா ஊரே காலியா இருக்கும், ஒண்ணும் தெரியாது. ராத்திரி வெளிச்சத்தம் சராசரியா 40 டெசிபலைத் தாண்டாம இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009ல சொன்னது, அதுக்கு மேல ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் காதுக்கு சத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா கேக்கும்.

கேள்வி: அக்கா, வெளி ஏரியால வாடகை பாதிதான், ஆனா பஸ்ல 50 நிமிஷம். பக்கத்துல எடுத்தா 15 நிமிஷம், ஆனா இன்னும் ரெண்டு பேரோட ஷேர் பண்ணணும். பணம் மிச்சம் பிடிக்கறதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: தம்பி, ஒரு வழிக்கு 35 நிமிஷம் கூடுதல்னா போக வர 70 நிமிஷம், மாசம் 22 நாள் வேலைன்னு வச்சா 25 மணி நேரத்துக்கு மேல பஸ்லயே போயிடும். மிச்சமாகுற வாடகையை அந்த 25 மணி நேரத்தால வகுத்துப் பாரு, அந்தக் கூலிக்கு நீ வேலை பாப்பியான்னு யோசி. ப்ரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்சர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி தகவலை வச்சுப் பாத்தப்போ, ரொம்ப தூரம் போய் வர்றவங்களுக்கு வாழ்க்கைல திருப்தி கம்மியாத்தான் இருந்துச்சு, வீட்டுலயோ சம்பளத்துலயோ கிடைச்ச லாபம் அதை முழுசா ஈடு கட்டல. பல காலேஜ் ஊர்ல லீவு மாசத்துல பஸ்ஸையும் குறைச்சிடுவாங்க, அதனால லீவு டைம்டேபிளையும் வாங்கிப் பாரு.

பக்கத்துல ஷேர் பண்ணி எடு, ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. மூணு பேரும் ஒரே அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டா, பல ஊர்கள்ல ஒருத்தன் பாதில ஓடிட்டாலும் அவன் பங்கை மத்த ரெண்டு பேர்கிட்ட ஓனர் கேக்க முடியும். ரூமுக்கு ஒரு அக்ரிமென்ட் தருவாங்களான்னு கேளு.

கேள்வி: வணக்கம்மா. என் பொண்ணு வீடு பாத்திருக்குற இடம், க்ரைம் மேப்ல பூரா சிவப்பா இருக்கு. தூக்கமே வரல.

பதில்: அம்மா, அந்த மேப்ல சிவப்பு எதுக்கு போட்டிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. மொத்த எண்ணிக்கைக்கா, ஆயிரம் பேருக்கு இவ்ளோன்ற கணக்குக்கா? கேம்பஸ் பக்கம் பகல்ல ஆயிரக்கணக்கான பேர் வந்து போவாங்க, அங்கயே குடியிருக்கறவங்க கொஞ்சம்தான், அதனால ரெண்டு கணக்குலயுமே நிஜத்தை விட மோசமா தெரிய வாய்ப்பு இருக்கு. சைக்கிள் திருட்டும் வழிப்பறியும் மேப்ல ஒரே மாதிரி புள்ளியாத்தான் இருக்கும், வகை வாரியா பிரிச்சுப் பாத்தா நிலைமை புரியும்.

அதைவிட முக்கியம், கடைசி பஸ் நிக்கிற ஸ்டாப்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் பொண்ணை ஒரு தடவை இருட்டினப்புறம் துணையோட நடந்து பாக்கச் சொல்லுங்க. எந்த இடத்துல லைட் இல்ல, எந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத சுவர், எவ்ளோ தூரம் ஆள் நடமாட்டம் இல்லன்னு அதுல தெரிஞ்சிடும். சாவி வாங்குற அன்னைக்கே பூட்டை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கட்டும், வருஷா வருஷம் ஆள் மாறுற வீட்டுக்கு எத்தனை சாவி வெளில சுத்துதுன்னு ஓனருக்கே தெரியாதும்மா.