ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ்: விளக்கம் தெரிந்த மாணவர்களை எழுத வைப்பது எப்படி?

கேட்பவரை இணங்க வைக்க அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகள் ஈத்தோஸ் (பேசுபவர் மீதான நம்பிக்கை), பேத்தோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (காரணம்). இவை மூன்றுக்கும் விளக்கம் கேட்டால் டக்கென்று சொல்லும் மாணவர்கள், சொந்தமாக எழுதும்போது ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கத்தில் தொடங்குவதுதான் சிக்கல். விளம்பரத்தைக் காட்டி "இது பேத்தோஸ், அது லோகோஸ்" என்று பெயர் ஒட்டப் பழகிவிடுகிறார்கள், எழுதப் பழகுவதில்லை.

முதல் வகுப்பில் இந்தப் பெயர்களே வேண்டாம். பலகையில் ஒரு கோரிக்கை: "பள்ளி நூலகம் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும்." அதன் கீழேயே, யாரிடம் கேட்கிறோம் என்பது: தலைமை ஆசிரியர். இந்த இரண்டாவது வரியை விட்டால் எல்லாரும் காற்றைப் பார்த்துப் பேசுவார்கள். 10 நிமிடத்தில் ஆளுக்கு மூன்று வாக்கியம். பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்கள். குழுவில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கேட்க வேண்டியவை மூன்றே: உன்னை ஏன் நம்ப வேண்டும்? இது இல்லாததால் யாருக்கு என்ன கஷ்டம்? நீ சொல்லும் காரணம் நிற்குமா? அடுத்த வகுப்பில் இந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில் முறையே ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று எழுதினால் போதும்.

லோகோஸ் என்றால் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். "நூலகம் திறக்க வேண்டும், ஏனென்றால் 70 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்" என்று ஒரு மாணவர் எழுதினால், அதில் சொல்லாமல் விட்ட வரியை எழுதச் சொல்லுங்கள்: "பலர் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும்." தலைமை ஆசிரியர் இதை ஒப்புக்கொள்வாரா? மாட்டார் என்றால் காரணத்தை மாற்ற வேண்டும். கேட்பவர் மனதுக்குள் நிரப்பிக்கொள்ளும் இந்த வரியை நம்பி நிற்கும் வாதத்தைத்தான் அரிஸ்டாட்டில் 'என்தைமீம்' என்றார். நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு பயிற்சியை மட்டுமாவது செய்யுங்கள்.

பேத்தோஸில் "மாணவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள்" என்று வரும். உணர்ச்சிச் சொல்லை அடித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை எழுத வையுங்கள்: "வீட்டில் ஒரே அறை. தங்கை தூங்கியதும் விளக்கை அணைக்க வேண்டும்." இரக்கத்தைக் கேட்கவே இல்லை, ஆனால் வருகிறது.

ஈத்தோஸுக்குப் பிரபலத்தின் பெயரைச் சேர்ப்பார்கள். பேசுபவருக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரால் அல்ல, பேச்சாலேயே நம்பிக்கை பிறக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. விவேகம், நற்குணம், கேட்பவர் மீது நல்லெண்ணம் என்று அதற்கு மூன்று கூறுகளையும் சொல்கிறார். வகுப்பில் இதற்கு எளிய வழி, எதிர்த்தரப்பின் சிரமத்தை முதலில் ஒப்புக்கொள்வது: "நூலகருக்கு வேலை கூடும். அதனால் வாரம் இரண்டு நாளில் தொடங்கலாம்."

மதிப்பெண் போடும்போது "மூன்றும் ஒவ்வொரு பத்தி" என்று கேட்காதீர்கள். கட்டுரை மூன்று துண்டாக உடையும். மேலே உள்ள நூலகர் வாக்கியத்திலேயே ஈத்தோஸும் லோகோஸும் சேர்ந்துதான் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, முடித்த கட்டுரையைத் தலைமை ஆசிரியருக்குப் பதில் நூலகருக்கு எழுதச் சொல்லுங்கள். எந்த வரிகளை மாற்றினார்கள், ஏன் என்று ஓரத்தில் குறிக்கட்டும். அந்தக் குறிப்புக்கு மதிப்பெண் கொடுங்கள்.