வாசகர் கேள்விகள்: கோலாலம்பூரிலிருந்து சைகோன் வரை தரைவழி

(முதுகுப்பையோடு தென்கிழக்கு ஆசியச் சிற்றூர்களைச் சுற்ற நினைக்கும் முஸ்லிம் இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் சேலம், ஏற்காடு பக்கமிருந்து எழுதிய கேள்விகள் இந்த முறை.)

கேள்வி: கல்லூரி முடித்த மகன், இரண்டு கூட்டாளிகளோடு மணிப்பூர், மியான்மர் வழியாகத் தரை மார்க்கமாகவே தாய்லாந்து போகிறேன் என்கிறான். முடியுமா?
— ஒரு தாய், கோட்டை, சேலம்

பதில்: முடியாது. அந்த ஆசையை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மரின் எல்லைப் பகுதிகளில் சண்டை ஓயவில்லை. மியான்மரிலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் முனையான மியாவடி–மே சோட் பாதையும் ஆபத்தானது. இணைய மோசடிக் கூடாரங்களுக்கு இந்திய இளைஞர்களை ‘வேலை’ என்று ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போன வழி அது. அதனால்தான் ஒருவழி டிக்கெட்டோடு வரும் இருபது வயதுக்காரர்களைக் குடியேற்ற அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கான அறைப் பதிவு, கையில் காட்டப் பணம் மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும். போனில் சார்ஜ் தீரும் இடம் எப்போதும் அந்தக் கவுண்டர்தான்.

நடக்கக்கூடிய வழி இது. சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி, அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தருகிறது. இப்போதைய அறிவிப்புப்படி 2026 டிசம்பர் 31 வரை. ஆனால் மின் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பியாக வேண்டும். தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதேபோன்ற அட்டை உண்டு, அதே 3 நாள் கணக்கு. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் போலி. தாய்லாந்தின் விசா விலக்கு நாட்கள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயில் பாடாங் பெசார் வரை போகும். இரு நாட்டு முத்திரையும் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே குத்துவார்கள். அங்கிருந்து ஹாட் யாய்க்கு ஒரு குட்டி ரயில், ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஒரு பலகை மலேசிய நேரம் காட்டும், இன்னொன்று தாய் நேரம் காட்டும். டிக்கெட் வாங்கும்போதே ‘எந்த நாட்டு மணி’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாட் யாயிலிருந்து இரவு ரயிலில் பாங்காக், அங்கிருந்து நோங் காய் வழியாக லாவோஸின் வியன்டியான். 2024 ஜூலை முதல் பாங்காக்கிலிருந்து வியன்டியானுக்கே நேர் ரயிலும் ஓடுகிறது. பிறகு மீகாங் ஆற்றோடு தெற்கே பாக்சே, கம்போடியாவின் ஸ்டுங் டிரெங், நாம் பென். அங்கிருந்து படகில் வியட்நாமின் சாவ் டாக், கடைசியில் சைகோன் (வரைபடத்தில் ஹோ சி மின் நகரம்). பாங்காக்கிலிருந்து நேரே கம்போடியா போவதுதானே குறுக்குவழி என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2025 ஜூனில் அந்த எல்லை மூடப்பட்டது, ஜூலையில் சண்டையும் மூண்டது. லாவோஸ் சுற்றில் போவதே நிம்மதி.

பட்டானி, யாலா, நராதிவாத் மூன்றும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தாய் மாகாணங்கள்தான். ஆனால் 2004 முதல் அங்கே வன்முறை தொடர்கிறது, பல பயணக் காப்பீடுகள் அந்தப் பகுதிக்குச் செல்லாது. மலாய் முஸ்லிம் ஊர்ப்புறத்தைப் பார்க்க விரும்புபவர் சத்துன் போகலாம். அமைதியான ஊர், சாப்பாட்டுக்கும் குறையில்லை.

கேள்வி: பன்றி இறைச்சி இல்லாத உணவு என்று கேட்டு வாங்கினால் போதாதா? ஹலால் கடை கிடைக்காத ஊரில் என்ன சாப்பிடுவது?
— கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை

பதில்: போதாது. ‘பன்றி போடாதீர்கள்’ என்றால் கடைக்காரர் மேலே தூவும் துண்டுகளைத்தான் எடுப்பார். நூடுல்ஸ் ஊற்றும் சூப் பன்றி எலும்பில் கொதித்தது. பொரிக்கும் எண்ணெய் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு. கோழி வறுக்கும் சட்டியும் அதே சட்டி. அந்தக் கோழியும் அறுத்த முறையில் ஹலால் அல்ல. கடைக்காரர் ஏமாற்றவில்லை, கேட்ட கேள்வி குறைவு. தாய் மொழியில் ‘மை ஸாய் மூ’ (பன்றி போடாதே) என்பதோடு ‘நாம் மன் மூ’ (பன்றிக் கொழுப்பு) உண்டா என்றும் கேளுங்கள். லாவோஸில் ‘போ ஸாய் மூ’. உச்சரிப்பு ஏற்ற இறக்கத்தில் பொருளே மாறிவிடும் என்பதால், அந்த ஊர் எழுத்தில் எழுதிய படத்தைப் போனில் வைத்துக் காட்டுவதே நல்லது.

தாய்லாந்தில் சாய்சதுர வடிவத்துக்குள் அரபியில் ஹலால் என்று எழுதிய முத்திரை, நாட்டின் மத்திய இஸ்லாமிய கவுன்சில் தருவது. கிராமத்துச் சந்து முனையில் இருக்கும் 24 மணி நேரக் கடையிலும் இந்த முத்திரையுள்ள ரொட்டி, பிஸ்கட், உறைந்த சாப்பாடு கிடைக்கும். ஆனால் ஒரே கம்பெனியின் ஒரே வகை நூடுல்ஸில் ஒரு சுவைக்கு முத்திரை இருக்கும், பக்கத்துச் சுவைக்கு இருக்காது. பெயரைப் பார்த்து எடுக்காமல் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து எடுங்கள்.

முத்திரை இல்லாத ஊர்களுக்கு எங்கள் யோசனை ஒன்றுதான்: வரைபடத்தில் சுற்றுலா இடங்களைக் குறிக்கும் முன், முஸ்லிம் குடியிருப்புகளைக் குறியுங்கள். நான்கு சமூகங்கள் இந்த வழி நெடுக வாழ்கின்றன. தெற்குத் தாய்லாந்தில் மலாய் மக்கள். வடக்கே சியாங் மாய், சியாங் ராய் பக்கம் யுன்னானிலிருந்து வந்த சீன முஸ்லிம்கள். சியாங் மாயில் பான் ஹோ பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளில் ஹலால் காவ் சோய் கிடைக்கும். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், நம் நாக்குக்குப் பழகிய காரம். கம்போடியாவிலும் வியட்நாமின் மீகாங் கரையிலும் சாம் மக்கள். கம்போங் சாம் பக்கத்து ஆற்றோர ஊர்கள், சாவ் டாக்கிலிருந்து ஹாவ் ஆற்றைப் படகில் தாண்டினால் வரும் சாவ் ஜியாங் ஆகியவை அவர்களுடையவை. நான்காவது நம்மவர்கள். வியன்டியானில் நாம் பூ நீரூற்றுக்கு அருகிலுள்ள ஜாமிஆ பள்ளிவாசலைக் கட்டியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். உள்ளே தமிழ் எழுத்தையும் பார்க்கலாம். சைகோனில் டோங் டூ தெருப் பள்ளிவாசலும் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியதே.

இந்த ஊர்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ‘பட்டினி நாட்கள்’ என்று கணக்குப் போடுங்கள். வியன்டியானுக்கும் நாம் பென்னுக்கும் நடுவே அதுதான் நீளம். அந்த நாட்களுக்குச் சந்தையில் மூங்கில் கூடையில் விற்கும் ஒட்டரிசிச் சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம், முழுதாகச் சுட்ட மீன். சுடும் கம்பியில் முன்பு என்ன சுட்டார்கள் என்பதைக் கண்ணால் பாருங்கள். மீன் மட்டும் சுடுபவரிடம் வாங்கினால் சந்தேகமில்லை. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட ‘ஜே’ கடைகளும் வியட்நாமில் ‘சாய்’ கடைகளும் பௌத்த சைவ உணவகங்கள். இறைச்சி, மீன் எதுவும் சட்டியில் படாது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமில் இவை நிரம்பி வழியும், சீக்கிரம் போங்கள்.

இஸ்லாமியச் சட்ட முறைகளில் ஹனஃபி முறையைப் பின்பற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வட்டார முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி முறையினர். ஹனஃபிகள் தவிர்க்கும் கணவாயும் நண்டும் ஹலால் கடையிலேயே தாராளமாகப் போடுவார்கள். கடல் உணவு என்று பொதுவாகச் சொல்லாமல் மீன் என்று சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: கிப்லா, தொழுகை நேரம், கஸ்ர் இவற்றை வழியில் எப்படிச் சமாளிப்பது?
— ஜவுளிக் கடை ஊழியர், கிச்சிப்பாளையம்

பதில்: கிப்லா, அதாவது தொழும் திசை, நினைப்பதைவிட எளிது. சேலத்தில் கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 20 பாகை வடக்கே. கோலாலம்பூரில் 22 பாகை அளவு, பாங்காக்கில் 17, வியன்டியானில் 15, சைகோனில் 19. ஆகப் பயணம் முழுவதும் ‘மேற்கே நின்று கொஞ்சம் வலப்பக்கம்’ என்ற நம் ஊர்ப் பழக்கமே பொருந்தும். போன் திசைகாட்டி இரும்புக் கட்டில், மின்விசிறி மோட்டார் அருகே பொய் சொல்லும். அறைக்கு வெளியே வந்து, போனைக் காற்றில் எட்டுப் போலச் சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

நேரம் காட்டும் செயலியில் அஸர் கணக்கை உங்கள் மத்ஹபுக்கு (ஹனஃபி, ஷாஃபி போன்ற சட்ட முறை) மாற்றி வையுங்கள். அங்கே பாங்கு ஷாஃபி நேரத்துக்குச் சொல்வதால் ஹனஃபி அஸரைவிட முந்திவரும்.

கஸ்ரில், அதாவது பயணத்தில் தொழுகையைச் சுருக்கும்போது, ளுஹர், அஸர், இஷா மூன்றும் இரண்டு ரக்அத்; ஸுபுஹும் மஃரிபும் மாறாது. ஹனஃபி முறையில் சுமார் 78 கிலோமீட்டர் பயணம், ஓர் ஊரில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணம் வேண்டும். ஷாஃபியில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 முழு நாள் தங்க எண்ணினாலே கஸ்ர் போய்விடும். இரண்டு தொழுகைகளைச் சேர்த்து ஜம்உ செய்வது ஷாஃபியில் உண்டு, ஹனஃபியில் இந்தப் பயணத்துக்குக் கிடையாது. உள்ளூர் இமாம் பின்னால் நின்றால் நான்கும் தொழ வேண்டும். கிளம்பும் முன் உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துவிடுங்கள்.

சிக்கல் வருவது இரவு பஸ்ஸில். வியன்டியான்–பாக்சே பஸ் இரவு எட்டரைக்குப் புறப்பட்டு விடிந்த பிறகு சேரும். கோடை மாதங்களில் அங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஸுபுஹ் தப்பிவிடும். ஓட்டுநரின் உதவியாளரிடம் ஏறும்போதே எழுதிக் காட்டி, விடியலுக்கு முந்தைய நிறுத்தத்தில் எழுப்பச் சொல்லுங்கள். பகல் பஸ் கிடைத்தால் அதுவே மேல். தோல் காலுறை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு மஸஹ் செய்ய (காலைக் கழுவாமல் காலுறைமேல் ஈரக் கையால் தடவ) அனுமதி உண்டு, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைத் தொட்டியில் காலைத் தூக்கும் வித்தை தேவைப்படாது. மெல்லிய பருத்திக் காலுறை அதற்கு ஆகாது. மலேசிய நெடுஞ்சாலை ஓய்விடங்களில் தொழுகை அறை உண்டு, தெற்குத் தாய்லாந்தின் பெட்ரோல் பங்க்குகள் பலவற்றிலும் உண்டு. அதற்கு வடக்கே எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். அதே மாதிரி மலை ஊர் அந்தப் பக்கம் உண்டா? எந்த மாதம் போகலாம்?
— ஏற்காட்டு வாசகர்

பதில்: இரண்டு ஊர் சொல்லலாம். தாய்லாந்தின் மே சலோங், யுன்னான் மக்கள் குடியேறிய தேயிலை, காப்பி மலை, பள்ளிவாசலும் உண்டு. சியாங் ராயிலிருந்து மே சாய் பஸ்ஸில் ஏறி மே சானில் இறங்கி, சோங்தாவ் என்னும் திறந்த வண்டியில் மலை ஏற வேண்டும். ஆள் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள். இன்னொன்று லாவோஸின் போலவென் பீடபூமியில் பாக்சோங், சுமார் 1,300 மீட்டர், ஏற்காட்டைவிடச் சற்றே தாழ்வு. சாப்பாட்டுக்குப் பாக்சேயிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

நல்ல மாதம் நவம்பர் முதல் ஜனவரி. உங்களுக்கு அதில்தான் சங்கடம், அங்கேயும் இங்கேயும் பழம் பறிப்பது அதே மாதங்களில். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் காடு, வயல் எரிப்பதால் புகை மண்டும். மலை கண்ணுக்கே தெரியாது, ஆஸ்துமாக்காரர்கள் தவிர்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் போனால் ஹாட் யாய் பக்கம் மட்டும் வெள்ளத்தைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் நகரமே மூழ்கியது.

கேள்வி: பணம், விசாவுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளும், லாவோஸ், கம்போடிய விசாக்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பதால் நாலைந்து வெற்றுப் பக்கங்களும் வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு. கம்போடிய சுற்றுலா விசா 30 டாலர். டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். முனை கிழிந்ததையும் மை பட்டதையும் எல்லையில் திருப்பித் தருவார்கள், ஊருக்குள் கடைக்காரரும் வாங்கமாட்டார். வியட்நாம் மின்விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50, 90 நாள் வரை. விண்ணப்பத்தில் நுழையும் சாவடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் பென் படகு வழியைப் படகுக்காரர்கள் வின் சுவோங் என்பார்கள், பட்டியலிலோ அது சோங் தியென். தவறான சாவடியைக் குறித்தால் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள். மலேசியாவில் மூன்று சதுர முள் சாக்கெட். நம் சார்ஜரின் இரண்டு உருண்டை முள் அதில் சேராது, அடாப்டர் ஒன்று வேண்டும். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் சாக்கெட்டுகளில் அப்படியே சேரும்.